ஒரு இஞ்ச் மேலே

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கையையும் தூக்கி என் முடியை நானே கொண்டை போட்டுக்கொண்டேன். ஒரு வருடம் ஏழு மாதத்துக்குப் பிறகு. கண்ணாடியில் பார்த்தால் கோணலாக இருந்தது, அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டேன். வேலை சுத்தமாக இல்லையென்றால் எனக்கு ஆகாது. அன்றைக்கே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். தடுப்பூசி போட்ட கை தூக்க வராமல் போனவர்கள் என்னைப் போல இன்னும் சிலர் இருப்பார்கள். ஊசி போட்டால் வலிக்கத்தான் செய்யும் என்று அவர்களையும் யாராவது வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தடுப்பூசிக்கு எதிரி இல்லை. இன்றைக்கு வேண்டுமென்றாலும் போட்டுக்கொள்வேன். மருந்தின்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அது போன இடத்தின்மேல்தான் கோபம்.

என் பெயர் லூர்து. ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறேன். இருபத்து நான்கு வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். அப்பா, அம்மா இல்லை. ஒரே தங்கை தெரேஸ், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு பிரெஞ்சு நாட்டுக்கே போய்விட்டாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு அளவு எடுக்கும்போது டேப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பேன், அடுத்த தடவை கேட்க மாட்டார்கள்.

என் கடைக்கு போர்டு கிடையாது. என் உடம்புதான் போர்டு. மாதா கோயில் பூசைக்குப் போனால் பின்வரிசையில் இருக்கிற பெண்கள் சாமியாரைப் பார்ப்பதைவிட என் முதுகைப் பார்ப்பதுதான் அதிகம். அதற்கென்றே முழங்கை வரைக்கும் ஒட்டினாற்போல் கை, முன்னால் ஏறின கழுத்து, முதுகில் ஐந்து கொக்கி என்று எனக்கு நானே தைத்துக்கொள்வேன். கைத் துணியில் ஒரு சுருக்கம் இருக்காது. உள்ளே ஒரு விரல் நுழையாது. இந்தப் பெருமைதான் பின்னால் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று இனிமேல் சொல்கிறேன்.

ஆவணி மாதம். கல்யாண ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிஷின் ஊசி என் இடது ஆள்காட்டி விரலில் நகத்தோடு சேர்த்து இறங்கிவிட்டது. தையல்காரர்களுக்கு இது புதிதில்லை. சக்கரத்தைப் பின்னால் சுற்றி ஊசியை எடுத்து, விரலைத் துணியில் சுற்றிக்கொண்டு, விழுப்புரம் சாலையில் இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்ன ஆஸ்பத்திரி, இரண்டு மாடி. டாக்டர் விரலைப் பார்த்துக் கட்டுப் போடச் சொல்லிவிட்டு, டிடி தடுப்பூசி ஒன்று போட்டுக்கொள்ளச் சொன்னார். துருப்பிடித்த இரும்போ ஊசியோ குத்தினால் தசை முறுக்கிக்கொள்கிற வியாதி வரலாம், அதைத் தடுக்கிற ஊசி அது.

ஊசி போடும் அறையில் ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஓரமாக ஒரு பெஞ்சு. பெஞ்சில் நான்கு ஆண்கள் கட்டு மாற்றக் காத்திருந்தார்கள். ஸ்டூலுக்கு மேலே திரை போட ஒரு கம்பி ஓடியது. கம்பியில் வளையங்கள் இருந்தன. திரை இல்லை.

நர்ஸுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். சட்டையில் சங்கீதா என்று பெயர் குத்தியிருந்தது. இடது கையிலேயே போடச் சொன்னேன், வலது கை கத்தரி பிடிக்கிற கை. அவள் என் ஜாக்கெட் கையை மேலே சுருட்டப் பார்த்தாள். முழங்கைக்கு மேல் அரை இஞ்ச் ஏறவில்லை.

"மேல ரெண்டு கொக்கி கழட்டி கைய வெளிய எடுத்துக்கலாமாக்கா? நானே கழட்டி விடறேன்" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம்மா. இப்படியே போடு" என்றேன்.

வலது கையைப் பின்னால் கொண்டுபோய் நானே ஒரே ஒரு கொக்கியைக் கழற்றினேன். கழுத்துத் துணியை இடது பக்கம் இழுத்துப் பிடித்தேன். அது தோள் முட்டு வரைக்கும்தான் வந்தது. இன்னும் கொஞ்சம் கீழே வர வேண்டும் என்று அவள் மறுபடி சொன்னாள். அவ்வளவுதான் வரும், போடு என்றேன். பெஞ்சிலிருந்து ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு நொடி தயங்கினாள், பிறகு போட்டாள்.

ஆக, அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டாள், நான் இரண்டு தடவையும் மறுத்தேன். நஷ்ட ஈடு கேட்டு நான் எழுதிய மனுவில் இந்த ஒரு விஷயம் மட்டும் இல்லை. தெரேஸிடம்கூடச் சொல்லவில்லை. பிறகு நடந்த எல்லா நாளும் இது என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தோள் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. மறுநாள் காலையில் இடது கை முதுகுப் பக்கம் போகவே மாட்டேன் என்றது. கண்ணால் பார்க்காமல் ஐந்து கொக்கியையும் தினமும் மாட்டிய கை அது. இடுப்பு வரைக்கும் போய் நின்றுவிட்டது. நைட்டி போட்டுக்கொண்டேன். நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

விரல் மூன்று நாளில் ஆறிவிட்டது. தோள் ஆறவில்லை. அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஒத்தடம் கொடுக்கச் சொல்லி மாத்திரை எழுதினார்கள். பத்து நாள் கழித்துப் போனேன், வேறு மாத்திரை எழுதினார்கள். இடது கைதானே, நல்லவேளை என்று ஆறுதல் வேறு. தைக்கிறவர்களுக்கு இடது கை என்ன செய்யும் என்று வெளியாருக்குத் தெரியாது. வலது கை வெறுமனே வழிகாட்டும். துணியைத் திருப்புவது, இழுத்துப் பிடிப்பது, கைக்குழியில் வளைத்துக் கொடுப்பது எல்லாம் இடது கைதான். கல்யாணக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து துணியைத் திருப்பி வாங்கிப் போனார்கள். நான் வெட்டி வைத்த துணியை வேறொருத்தி தைக்கப் போகிறாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்று வாரம் பார்த்துவிட்டு அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலை ஆறரைக்கு வரிசையில் நின்றால் பதினொரு மணிக்கு உள்ளே கூப்பிடுவார்கள். எல்லோரும் யாராவது ஒருவரோடு வந்திருப்பார்கள். ஒருவர் வரிசையில் நிற்க, ஒருவர் டீ வாங்கப் போவார். நான் டீ வாங்கப் போனால் என் இடம் போய்விடும். அதனால் டீ குடிக்காமல் நிற்கப் பழகிக்கொண்டேன். சீட்டு எழுதுகிறவரிலிருந்து ஸ்கேன் அறை வரைக்கும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: கூட யார் வந்திருக்கிறார்கள். யாரும் வரவில்லை என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லத் தொடங்கினேன்.

எலும்பு டாக்டர் சின்ன வயதுக்காரர். என் தோள்மேல் கட்டைவிரலை வைத்துத் தடவி, எங்கே போட்டார்கள் என்று தொட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன். நகர்த்தி நகர்த்தி மூன்று தடவை காட்டச் சொன்னார். நான் மூன்று தடவையும் ஒரே இடத்தைக் காட்டினேன். அளவில் நான் தவறமாட்டேன். அவர் உடனே ஸ்கேன் எழுதினார்.

ஸ்கேன் என்றால் முதலில் ஜெல் தடவிப் பார்க்கிற ஸ்கேன், பிறகு எம்ஆர்ஐ. குழாய்க்குள் படுக்கவைத்து அரை மணி நேரம் அசையாதே என்பார்கள். உள்ளே சுத்தியல் அடிக்கிற மாதிரி சத்தம். வலிக்கிற தோளை அசைக்காமல் வைத்திருப்பதற்கு நான் மனதுக்குள் ஒரு ஜாக்கெட்டை முழுதாக வெட்டித் தைத்தேன். கொக்கி வைக்கும்போது வெளியே இழுத்துவிட்டார்கள்.

முடிவு வந்தபோது டாக்டர் படம் போட்டு விளக்கினார். தோள் எலும்புக்கும் தசைக்கும் நடுவே உராயாமல் இருப்பதற்கு வழவழப்பான நீர் உள்ள சின்னப் பை ஒன்று இருக்கிறது. ஊசி, எலும்புக்குக் கீழே இரண்டு மூன்று விரற்கடை தள்ளித் தசையில் போக வேண்டும். அதற்கு மேலே போட்டால் அந்தப் பைக்குள்ளேயே மருந்து போய்விடும். தசையில் போனால் நல்லது செய்கிற மருந்து, அந்தப் பையில் போனால் அதைப் புண்ணாக்கிவிடும். வீங்கும். பிறகு மூட்டைச் சுற்றி இருக்கிற உறை இறுகி, தோள் உறைந்துபோகும். எனக்கு அதுதான் ஆகியிருந்தது. அபூர்வம்தான், ஆனால் நடக்கிறது என்றார்.

இந்த ஊசியால்தான் வந்தது என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார். ஊசிக்குப் பிறகு வந்தது என்று எழுதலாம், ஊசியால் வந்தது என்று எழுத முடியாது, போட்ட உயரத்தை நான் பார்க்கவில்லையே என்றார். நியாயம்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பிறகு ஒரு வருடம் அலைந்தேன். காசு வேண்டாமென்று சொல்ல மாட்டேன், தையல் நின்றுபோனவளுக்குக் காசு வேண்டும்தான். அதைவிட, தவறான இடத்தில் போட்டதால் ஒருத்தியின் கை போனது என்று எங்காவது ஒரு காகிதத்தில் இருக்க வேண்டும் என்று இருந்தது.

பிசியோதெரபி தொடங்கியது. சுவரில் விரலால் நண்டு மாதிரி ஏற வேண்டும். வீட்டில் கதவு நிலையில் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் விரல் தொட்ட உயரத்தில் தையல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். முதல் ஐந்து வாரமும் ஒரே கோட்டின்மேல் கோடு விழுந்து தடிப்பாகிவிட்டது.

நைட்டியோடு பூசைக்குப் போக முடியாது. ஜாக்கெட் போட முடியாது. அதனால் போவதை நிறுத்தினேன். கோயிலில் என் பெயர் சொல்லி ஜெபம் செய்தார்களாம். நேரில் வந்தவர் ஒரே ஒருவர். அவரும் தைக்கக் கொடுத்த பட்டுத் துணியை வாங்கிப் போக வந்தவர். ஜாக்கெட் தைக்கிறவள் ஜாக்கெட் போட முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள், வேடிக்கையாக இல்லையா என்று நானே அவரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

தெரேஸ் ஞாயிறு மத்தியானம் கூப்பிடுவாள். வீடியோவை நான் ஆன் செய்ய மாட்டேன். முடி சிக்குப் பிடித்து ஒரு ரப்பர் பேண்டுக்குள் கிடப்பதை அவள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். தோளுக்கு மாட்டுகிற பட்டை ஒன்று அனுப்பினாள், எப்படிப் போடுவது என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. அதை அவளே ஒரு தாளில் தமிழில் எழுதி, படமும் போட்டு உள்ளே வைத்திருந்தாள். சின்ன வயதில் எனக்காக வீட்டுப்பாடம் எழுதிய அதே கையெழுத்து. பட்டையைப் போட்டுக்கொள்ள இரண்டு கை வேண்டும் என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

ஆறாவது மாதம் அட்மிஷன் போட்டார்கள். மயக்கம் கொடுத்து, இறுகின மூட்டை டாக்டரே பிடித்து அசைத்து விடுவிப்பது. அறுக்க மாட்டார்கள். கூட ஒரு பெண் இல்லாமல் வார்டில் சேர்க்க மாட்டோம், கையெழுத்துப் போட உறவு வேண்டும் என்றார்கள். தங்கை வெளிநாட்டில் என்றேன். வேறு யார் என்றார்கள். உறவு என்று கேட்ட இடத்தை விட்டுவிட்டு ஃபாரத்தின் மற்ற இடங்களை நிரப்பினேன்.

பக்கத்துக் கட்டிலில் இடுப்பு எலும்பு உடைந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருந்தாள். தவளக்குப்பம் பக்கம், விவசாயக் குடும்பம், பெயர் கலா. இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தவள் எழுந்து வந்து ஃபாரத்தை வாங்கினாள். என்ன உறவு என்று வார்டு சிஸ்டர் கேட்டதற்குத் தங்கச்சி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அவள் நெற்றியில் குங்குமம், என் கழுத்தில் சிலுவை. சிஸ்டர் இரண்டையும் பார்த்துவிட்டு ஃபாரத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஐந்து நாள் இருந்தேன். மயக்கம் தெளிந்ததும் பிசியோக்காரர் வந்து கையைத் தூக்கினார். நான் போட்ட சத்தத்தில் கலாவின் மாமியார் தன் இடுப்பை மறந்து எழுந்திருக்கப் பார்த்தாராம். விடுபட்ட மூட்டை உடனே அசைக்காவிட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும், அதனால் ஒரு நாளைக்கு மூன்று தடவை இது நடக்கும். அந்தச் சமயத்தில் மட்டும் கலா காப்பி வாங்குகிற சாக்கில் வெளியே போய்விடுவாள். எனக்கும் சேர்த்து வாங்கி வருவாள். மூன்றாம் நாள் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்து என் பின்னால் உட்கார்ந்தாள்.

"எத்தினி மாசமாச்சு தல வாரி? யாரும் இல்லியா வூட்டுல?" என்றாள்.

இல்லை என்றேன். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் சிக்கெடுத்தாள். அவர்களை எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நான் பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் போட்ட பின்னலை நாலு நாள் அவிழ்க்கவே இல்லை.

நஷ்ட ஈடு விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கே போய்ச் சொன்னேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். ஊசி சரியான இடத்தில்தான் போடப்பட்டது என்று ரெஜிஸ்டரில் இருக்கிறது என்றார். நாற்பது தாண்டிய பெண்களுக்குத் தோள் உறைவது சகஜம், சர்க்கரை இருந்தால் கட்டாயம் வரும் என்றார். எனக்குச் சர்க்கரை உண்டா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும். மூன்று மாதச் சர்க்கரை அளவைச் சொல்கிற ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு அந்தத் தாளோடு திரும்பப் போனேன். எனக்குச் சர்க்கரை இல்லை. மேனேஜரும் அன்றைக்கு இல்லை.

பிரெஞ்சு நாட்டில் இதற்கென்றே ஒரு அலுவலகம் இருக்கிறது, ஃபாரம் நிரப்பினால் போதும் என்பாள் தெரேஸ். இங்கே எனக்குத் தெரிந்த வழி நுகர்வோர் ஆணையம்தான். மனுவை நானே தமிழில் எழுதினேன். எழுதும்போது அந்த இடம் வந்தது. நர்ஸ் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு அந்த வரியைத் தாண்டி அடுத்ததை எழுதினேன். அதைச் சொன்னால் கேஸ் போய்விடும், நீயே இழுத்துப் பிடித்தாய், நீயே அனுபவி என்பார்கள் என்று பயம்.

பதில் மனுவில் ஆஸ்பத்திரி எழுதியிருந்தது: மனுதாரரின் ஜாக்கெட் கையைச் சுருட்டி, முறையான இடத்தில் ஊசி போடப்பட்டது. வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் தைத்த கையைச் சுருட்ட யாராலும் முடியாது. அப்போதுதான் ஊசி போட்ட அன்றைக்குப் போட்டிருந்த ஜாக்கெட்டின் ஞாபகம் வந்து அலமாரியிலிருந்து எடுத்தேன்.

எடுத்துப் பார்த்தால் கை இரண்டும் தொளதொளவென்று இருந்தது. பிசியோவுக்குப் போவதற்காக இரண்டாவது மாதமே அந்த ஜாக்கெட்டைத்தான் பிரித்திருந்தேன். பின்னாளில் உடம்பு போட்டால் பெரிதாக்கிக்கொள்ள எல்லோரும் உள்ளே துணி விட்டுத்தான் தைப்போம். அதைப் பிரித்து, இரண்டு கையையும் லூஸாக்கி, ஒற்றைக் கையால் மிஷினில் ஓட்டியும் முதுகுக் கொக்கி மாட்ட வராமல் அலமாரியில் போட்டிருந்தேன். இப்போது யார் வேண்டுமானாலும் சுருட்டலாம். உள்ளே திருப்பிப் பார்த்தேன். இடது தோளில் மிளகளவு பழுப்புக் கறை. ஊசி போட்டதும் நான் அவசரமாகத் துணியை மேலே இழுத்துவிட்டதில் ஒட்டிய ரத்தம். ரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் நின்றுவிடும். தையல்காரிக்கு இது தெரியும். கை வலியோடு வெந்நீரில் முக்கியவளுக்கு அன்றைக்கு ஞாபகம் இல்லை, அதனால் கறை தப்பித்தது. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தோள் எலும்பிலிருந்து டேப் வைத்தேன். இருக்க வேண்டிய இடத்துக்கு நல்ல ஒரு இஞ்ச் மேலே இருந்தது.

என்னையும் நர்ஸையும் நேரில் வரச் சொல்லி ஆணையம் நாள் குறித்தது. அன்றைக்கு நைட்டியோடு போக முடியாது. முன்கொக்கி வைத்து ஒன்று தைத்திருக்கலாம். வீம்பு விடவில்லை, பழைய பட்டு ஜாக்கெட்டையே எடுத்தேன். வலது கையாலும், கொஞ்சம் வளைகிற இடது கையாலும், ஒன்றரை மணி நேரத்தில் நான்கு கொக்கி மாட்டினேன். நடுக்கொக்கி மட்டும் மாட்டவே இல்லை. முந்தானையை முதுகைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

உள்ளே மேடையில் மூன்று பேர் இருந்தார்கள், அதில் ஒருவர் பெண். சங்கீதா சுடிதாரில் வந்து ஓரமாக நின்றிருந்தாள். அந்த ஆஸ்பத்திரியை விட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டாளாம். ஆஸ்பத்திரி வக்கீல் நான் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கி, கைக்குள் தன் முழங்கையையே விட்டுக் காட்டினார். இதைச் சுருட்ட முடியாதா என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

பிரித்துப் பெரிதாக்கினது பின்னால்தான், பழைய தையலின் ஊசித் தடம் இன்னும் துணியில் இருக்கிறது, பாருங்கள் என்றேன். பெண் உறுப்பினர் ஜாக்கெட்டை வாங்கி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். கை நெடுக வரிசையாகத் துளைகள், அதற்குள்ளே வெளிச்சம் தெரிந்தது. டேப்பை வாங்கி அந்தப் பழைய தடத்தின் அகலத்தை அவரே அளந்தார். பிறகு கறையை அளந்தார். எழுதிக்கொண்டார்.

வக்கீல் அதோடு விடவில்லை. சரி, சுருட்ட முடியவில்லை, அப்படியென்றால் கையை வெளியே எடுக்கச் சொல்லி நர்ஸ் கேட்டிருப்பாரே, கேட்டாரா இல்லையா என்று சங்கீதா பக்கம் திரும்பினார். அவள் என்னைப் பார்த்தாள். கேட்டேன் என்றால் என் கேஸ் போகும், கேட்கவில்லை என்றால் பழி அவள்மேல் விழும். அவள் எனக்காகத்தான் தயங்குகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"கேட்டுச்சு சார். ரெண்டு தபா கேட்டுச்சு. நான்தான் கழட்ட மாட்டேன்னு சொன்னேன்" என்றேன்.

வக்கீல் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டார். பெண் உறுப்பினர் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஏன் மாட்டேன் என்றீர்கள் என்று கேட்டார். இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியை நான் எனக்கே கேட்டுக்கொண்டதில்லை. என் தப்பு என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தேன்.

"மறைப்பு இல்லம்மா. கம்பி மட்டும்தான் இருந்துச்சு. பெஞ்சுல நாலு ஆம்பளைங்க உக்காந்திருந்தாங்க" என்றேன்.

அவர் சங்கீதாவிடம் திரும்பினார். திரையைத் துவைக்க எடுத்தவர்கள் திரும்ப மாட்டவே இல்லை என்று அவள் சொன்னாள். அன்றைக்கே நான்கு மாதமாகத் திரை இல்லை, டூட்டி நோட்டில் மூன்று தடவை எழுதி வைத்தேன் என்றாள். குரல் சின்னதாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்தாமல் சொன்னாள். அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவானது.

தீர்ப்பு மூன்று மாதம் கழித்து வந்தது. ஊசி தவறான உயரத்தில் போடப்பட்டதால்தான் தோள் பாதிக்கப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். டாக்டர் எழுதாத வார்த்தை அதில் இருந்தது. திரையில்லாத அறைக்கு ஆஸ்பத்திரியே பொறுப்பு, நர்ஸ் மேல் குற்றமில்லை. நான் மறுத்ததற்காக நஷ்ட ஈட்டில் ஒரு பங்கைக் கழித்திருந்தார்கள். எதற்காக நீயாகவே வாயை விட்டாய் என்று தெரேஸ் திட்டினாள். கழித்தது சரிதான் என்றேன். இப்போது நான் தைக்கிற எல்லா ஜாக்கெட்டிலும் கை கொஞ்சம் லூஸாகவே இருக்கிறது, வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கிறார்கள். ஊசி போடப் போகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: கையை வெளியே எடுங்கள், திரை இல்லையென்றால் திரையைக் கேளுங்கள்.

தீர்ப்பு வந்த நாளைவிட எனக்கு அந்த விசாரணை நாள்தான் நினைவில் நிற்கிறது. முடிந்ததும் வராந்தாவுக்கு வந்து படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே நின்றிருந்த எல்லோருக்கும் கூட யாராவது இருந்தார்கள். அந்த ஜாக்கெட் வைத்த பையைத் தோளில் மாட்டும்போது முந்தானை முதுகிலிருந்து நழுவியது எனக்குத் தெரியவில்லை. பின்னால் சங்கீதாவின் குரல் கேட்டது.

"அக்கா, நடுவுல ஒரு கொக்கி மாட்டாம இருக்கு. மாட்டி விடட்டுமா?"

வராந்தா முழுக்க வக்கீல்கள், குமாஸ்தாக்கள், கட்சிக்காரர்கள். எல்லோரும் ஆண்கள். இங்கேயும் திரை கிடையாது.

"மாட்டும்மா" என்று சொல்லி முதுகைக் காட்டினேன். அவள் விரல் சில்லென்று இருந்தது. பழைய பட்டு, கொக்கி இறுக்கமாக இருந்தது, அவளுக்கு நேரம் பிடித்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். அவள் மாட்டி முடிக்கும் வரைக்கும் நான் அசையாமல் நின்றேன்.